ராஃபிள்ஸ் வந்தார், ஃபார்க்குவார் இருந்தார்: சிங்கப்பூரின் முதல் சில வருடங்கள்

ஸ்காட்லாந்தில் பெர்த் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் வில்லியம் ஃபார்க்குவாரைப் புதைத்திருக்கிறார்கள். அவர் இறந்தது 1839ல். மலாக்காவிலும் பிறகு சிங்கப்பூரிலும் ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் நிர்வாகியாக இருந்தவர் என்று கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். அதோடு விடாமல், சிங்கப்பூர்க் குடியேற்றத்தை நிறுவியவரே இவர்தான் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு வந்தால் கதை வேறு. அங்கே ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டு வெள்ளைச் சிலையாக நிற்கிறார். 1819 ஜனவரி 28 அன்று அவர் முதன்முதலில் கால்வைத்த இடம் இது, ஒரு மீன்பிடிக் கிராமத்தின் தலைவிதியை மாற்றியவர் இவர் என்று பீடத்தில் இருக்கிறது.

ஓர் ஊருக்கு இரண்டு பேர் எப்படி நிறுவனராக இருக்க முடியும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பிரிட்டிஷ் காலனி என்பது எப்படி உருவானது, அதன் ஆரம்பத் தலைவர்கள் உண்மையில் என்னென்ன வேலை செய்தார்கள் என்பதெல்லாம் தெளிவாகப் புரியும். வரலாறு படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

நம் ஊரில் மனை வாங்கி வீடு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மனையைத் தேடிக் கண்டுபிடித்து, பேசி முடித்து, முன்பணம் கொடுக்கிறார். இன்னொருவர் தினமும் வெயிலில் நின்று, தண்ணீருக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்து, கூட இருந்து வேலையைப் பார்க்கிறார். வேறொருவர் பதிவு அலுவலகத்துக்கு அலைந்து வில்லங்கத்தைத் தீர்த்துக் கிரயப் பத்திரம் முடிக்கிறார். அப்புறம் செங்கல் அறுத்தவர், சுவர் எழுப்பியவர், சுண்ணாம்பு பூசியவர் என்று பலர். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டும்போது ஒரே ஒரு பெயர்தான் வரும். சிங்கப்பூர் விஷயத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் மனையைப் பார்ப்போம்.

1800களின் ஆரம்பத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய வருமானம் சீன வியாபாரத்தில் இருந்தது. இந்தியாவிலிருந்து பருத்தியும் அபினும் போகும், சீனாவிலிருந்து தேயிலை வரும். இந்தக் கப்பல்கள் எல்லாம் மலாக்கா நீரிணை வழியாகத்தான் போயாக வேண்டும், இல்லையென்றால் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே உள்ள சுந்தா நீரிணை. இரண்டு வாசலிலும் டச்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நெப்போலியன் போர்க்காலத்தில் பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்த ஜாவாவும் மலாக்காவும், போர் முடிந்ததும் டச்சுக்காரர்களிடமே திரும்பிப் போயின. பிரிட்டிஷார் கையில் இருந்தவை பினாங்கும், சுமத்ராவின் மேற்குக் கரையில் பெங்கூலனும். பினாங்கு வடக்கே ரொம்பத் தள்ளி இருந்தது, பெங்கூலன் வழியிலேயே இல்லை. அந்தக் காலக் கப்பல்கள் பாய்மரக் கப்பல்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு திசை, வடகிழக்குக் காற்றில் எதிர்த்திசை, காற்று மாறும்வரை எங்காவது கட்டிப்போட்டுக் காத்திருக்க வேண்டும், நல்ல தண்ணீர் பிடிக்க வேண்டும், அரிசி ஏற்ற வேண்டும். அப்படியொரு இடம் நீரிணையின் தெற்கு முனையில் பிரிட்டிஷாருக்கு இல்லை.

பெங்கூலனில் லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர்தான் ராஃபிள்ஸ். ஜமைக்கா அருகே கடலில், ஒரு கப்பலிலேயே பிறந்தவர். 14 வயதில் லண்டனில் கம்பெனி குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1805ல் பினாங்குக்கு வந்து, மலாய் மொழி கற்று, 1811லிருந்து 5 வருடம் ஜாவாவை ஆண்டவர். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸிடம் பேசி, நீரிணையின் தெற்கு முனையில் ஓர் இடம் பிடிக்க அனுமதி வாங்கினார். டச்சுக்காரர்களோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. துணைக்கு வந்தவர் ஃபார்க்குவார். இவர் 1790களின் தொடக்கத்தில் மதராஸில் கம்பெனியின் பொறியாளர் படையில் சேர்ந்தவர். பிறகு மலாக்காவிலேயே வருடக்கணக்காக இருந்து, 1803லிருந்து 1818 வரை அந்த ஊரை நிர்வாகம் செய்தவர். மலாய் சரளமாகப் பேசுவார், மலாக்காவில் பிறந்த பெண்ணோடு குடும்பம் நடத்தினார், ஊர்க்காரர்கள் அவரை மலாக்காவின் ராஜா என்றே சொன்னார்கள்.

சிங்கப்பூரில் இறங்கியதும் அவர்கள் பார்த்தது ஜோகூர் சுல்தானகத்தின் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானின் குடியிருப்பு. தெமெங்கோங் என்பது ஒரு பெரிய அதிகாரி, பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. அவர் சம்மதித்தார். ஆனால் அவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது, சுல்தான் போட வேண்டும். வில்லங்கம் அங்கேதான் இருந்தது.

பழைய சுல்தான் மஹ்மூத் இறந்தபோது மூத்த மகன் ஹுசைன் கல்யாணத்துக்காகப் பஹாங் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து, கடல் வியாபாரம் செய்த புகிஸ் இனத்தின் செல்வாக்குள்ள தலைவர்கள் இளைய மகனை அரியணையில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்த இளையவரை டச்சுக்காரர்கள் அங்கீகரித்திருந்தார்கள். அவரிடம் போய் இடம் கேட்டால் கிடைக்காது. அதனால் ராஃபிள்ஸ், மூத்த வாரிசு நீங்கள்தான் என்று ஹுசைனைச் சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள ரியா தீவுகளிலிருந்து வரவழைத்து, அவரையே சுல்தான் என்று அறிவித்து, 1819 பிப்ரவரி 6 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். சுல்தானுக்கு வருடம் 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000. (சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றைக்கும் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) பட்டா இளையவர் பெயரில் இருக்க, மூத்தவரிடம் போய் எழுதி வாங்கியது மாதிரிதான். சட்டப்படி வாதாடலாம், ஆனால் உறுதியான பத்திரம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று எழுதியது தீவை விற்ற பத்திரமே இல்லை. கம்பெனி இங்கே ஒரு வியாபாரத் தளம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு வருடாவருடம் பணம் தர வேண்டும் என்பதுதான் சாரம். வாடகை ஒப்பந்தம் என்றே சொல்லிவிடலாம். 1819லேயே பிரிட்டன் சிங்கப்பூரை வாங்கிவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு.

கையெழுத்தான மறுநாளே ராஃபிள்ஸ் கிளம்பிவிட்டார்.

இதைப் பலர் கவனிப்பதில்லை. ராஃபிள்ஸ் மொத்தம் மூன்று முறைதான் சிங்கப்பூர் வந்தார். முதல் முறை சுமார் 10 நாள். அதே வருடம் மே கடைசியில் வந்து சுமார் 4 வாரம். பிறகு மூன்று வருடத்துக்கு மேல் வரவே இல்லை, 1822 அக்டோபரில் வந்து 1823 ஜூனில் போனார். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. நடுவில் இருந்த அத்தனை நாளும் ஊரைப் பார்த்துக்கொண்டவர் ஃபார்க்குவார். அவருடைய பதவிதான் ரெசிடென்ட். சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூரில் கம்பெனி சார்பில் ஒரு ரெசிடென்ட் இருந்தாரே, அதே பெயர் கொண்ட பதவிதான். தஞ்சாவூரில் அவருக்கு முன்னால் ஒரு அரண்மனையும் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்த ஓர் ஊரும் இருந்தன. ஃபார்க்குவாருக்கு முன்னால் காடும் சதுப்பும்தான். பணம் குறைவு, படை குறைவு. மலாக்காவிலிருந்து டச்சுக்காரர்கள் எந்த நிமிடமும் வந்து துரத்தலாம் என்ற பயம் வேறு. உதவிக்குப் படை அனுப்பச் சொல்லிப் பினாங்குக்கு எழுதினால், அங்கிருந்த பிரிட்டிஷ் கவர்னரே முதலில் மறுத்து, ஊரை விட்டு வந்துவிடுங்கள் என்கிற பாணியில் பதில் போட்டார். கல்கத்தா கண்டித்த பிறகுதான் ஆட்களை அனுப்பினார்.

அந்த நாட்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு முக்கியமான காரணம் ஒருவர் எழுதி வைத்ததுதான். முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் 1796ல் பிறந்தவர். அவருடைய கொள்ளுத் தாத்தா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட அரபு மனிதர். அப்துல்லா சின்ன வயதில் தமிழ் படித்தார், ஏனென்றால் மலாக்காவில் கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும், நம் வியாபாரிகள் அவ்வளவு பேர் அங்கே இருந்தார்கள். கம்பெனிச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்ததால் முன்ஷி என்ற பெயர் வந்தது. ராஃபிள்ஸுக்கு எழுத்தராகவும் இருந்தவர். தன் வாழ்க்கையை மலாய் மொழியில் அவர் எழுதியது 1849ல் அச்சானது.

அதில் எலிகளைப் பற்றி ஓர் இடம் வருகிறது. சிங்கப்பூரில் அப்போது எலிகள் பூனை அளவுக்கு இருந்தனவாம், பூனையையே எதிர்த்து நின்றனவாம். ஃபார்க்குவார் ஓர் அறிவிப்புச் செய்தார்: எலி ஒன்றைக் கொன்று கொண்டுவந்தால் ஒரு வாங். வாங் என்பது அந்தக் காலச் சில்லறைக் காசு. ஜனங்கள் விதவிதமாகப் பொறி செய்து, காலையில் ஐம்பது, அறுபது என்று கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் குவித்தார்கள். சில நாளில் குவியல் தாங்கவில்லை. விலையைக் குறைத்தார், அப்போதும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஆழமாகப் பள்ளம் வெட்டிப் புதைக்கச் சொன்னார். அது முடிந்ததும் பூரான். அதற்கும் அதே போல ஒரு காசு. எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். ஓர் ஊர் உருவாவது என்றால் ஒப்பந்தமும் கொடியும் பீரங்கி முழக்கமும்தான் நம் கண்ணுக்கு வருகிறது, ஆனால் அங்கே குடிவந்தவர்களுக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடிந்ததா என்பதைக் கவலைப்பட்டவர் இந்த மனிதர், அதுவும் தன் வாசலிலேயே எண்ணிக் காசு கொடுத்து.

ஆட்கள் எப்படி வந்தார்கள்? ஃபார்க்குவார் மலாக்காவில் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். கோழி, காய்கறி, பழம் கொண்டு வாருங்கள், இங்கே வாங்க ஆள் இருக்கிறது, வரி கிடையாது. டச்சுக்காரர்கள் தடுத்தும் படகுகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்தன. இத்தனை வருடம் அவரோடு பழகிய நம்பிக்கையில் வந்தவர்கள் அவர்கள். புதிதாக யாராவது வந்து கூப்பிட்டிருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். 1820ல் ரியாவில் டச்சுக்காரர்களோடு மோதிய புகிஸ் கூட்டம் ஒன்று, பெண்கள் குழந்தைகளோடு சுமார் 500 பேர், தஞ்சம் கேட்டு வந்தார்கள். ஃபார்க்குவார் இடம் கொடுத்தார். புகிஸ் மக்கள் கிழக்கே சுலவெசி வரைக்கும் படகு ஓட்டிய பெரிய வியாபாரிகள், அவர்கள் பின்னாலேயே அந்த வியாபாரமும் வந்தது. 1821 பிப்ரவரியில் சீனாவின் அமோய் துறைமுகத்திலிருந்து முதல் பெரிய மரக்கலம் வந்து நங்கூரம் போட்டது. 1824ல் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது 10,683 பேர் இருந்தார்கள். ஐந்தே வருடத்தில்.

இப்போது வரி இல்லாத துறைமுகம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரின் மொத்த ரகசியமும் அதில் இருக்கிறது, அதன் இருட்டான பக்கமும் அதில்தான் இருக்கிறது. டச்சுத் துறைமுகங்களில் சரக்கு இறக்கினால் சுங்கம், ஏற்றினால் சுங்கம். சிங்கப்பூரில் எதற்கும் சுங்கம் கிடையாது, எந்த நாட்டுக் கப்பலும் வரலாம் என்பது ராஃபிள்ஸின் முடிவு. அது அற்புதமான முடிவு, அதை அவருக்குத் தாராளமாகக் கொடுத்துவிடலாம். ஆனால் சுங்கம் வாங்காவிட்டால் அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? போலீஸுக்குச் சம்பளம் யார் தருவது? ராஃபிள்ஸ் பெங்கூலனில் இருந்துகொண்டு செலவைக் குறை, வரி போடாதே என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஃபார்க்குவார் கண்டுபிடித்த வழி நமக்குப் புதிதில்லை, குத்தகை. நம் ஊரில் சாராயக் கடையை ஏலம் விட்டார்களே, அது மாதிரி 1820ல் அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமை மூன்றையும் ஏலம் விட்டார். ஏலம் எடுத்தவர் அரசாங்கத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவார், விற்று வரும் லாபம் அவருக்கு. அந்தக் காசில்தான் ஊர் நடந்தது. அதாவது, கப்பல் முதலாளி கட்ட வேண்டிய சுங்கத்தை, அவருக்காக மூட்டை சுமந்த கூலி அபின் புகைத்துக் கட்டினார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிங்கப்பூர் வருமானத்தில் பாதிக்கு நெருக்கமான பங்கு அபினிலிருந்து வந்தது. இந்தக் குத்தகை முறை 1910 வரை இருந்தது, அதற்குப் பிறகு அரசாங்கமே அந்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. குடும்பத்தை விட்டுக் கடல் தாண்டி வந்து, முதுகு உடைய வேலை செய்து, வலி மறக்க அபின் பிடித்து, அங்கேயே முடிந்துபோனவர்கள் கட்டிய பணம் அது. சிங்கப்பூரின் வெற்றியைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

1822 அக்டோபரில் ராஃபிள்ஸ் மூன்றாவது முறை வந்து பார்த்தார், கோபம் வந்துவிட்டது. அரசாங்கத்துக்கென்று அவர் ஒதுக்கச் சொன்ன ஆற்றின் வடகரையில் வியாபாரிகள் கிடங்கு கட்டியிருந்தார்கள். சூதாட்டம் நடந்தது, சேவல் சண்டை நடந்தது, அடிமைகளை வாங்கி விற்றார்கள். ஃபார்க்குவார் தரப்பு நியாயம் என்னவென்றால், தென்கரை முழுக்கச் சதுப்பு, வடகரையில்தான் சரக்கு இறக்க முடியும், வியாபாரியை வேண்டாம் என்று சொன்னால் ஊரே இருக்காது. கிடங்கு விஷயத்தில் நான் அவர் பக்கம்தான். அடிமை வியாபார விஷயத்தில் இல்லை. கண் முன்னால் மனிதர்களை விற்கும்போது, ஊர் வழக்கம் என்று விட்டது பெரிய குறை. ராஃபிள்ஸ் 1823ல் போட்ட சட்டங்களில் அடிமை வியாபாரத்துக்கும் சூதாட்டக் கூடங்களுக்கும் தடை வந்தது, நிலப் பதிவேடு வந்தது, நீதி விசாரணைக்கு ஏற்பாடு வந்தது.

இன்றைக்குச் சிங்கப்பூரில் நடந்து போகிறவர்கள் அந்த எட்டு மாதத்தின் வேலையைக் காலாலேயே தொடலாம். ராஃபிள்ஸ் ஒரு குழு போட்டார், லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் நகர வரைபடம் வரைந்தார். சீனர்களுக்கு ஆற்றின் தென்மேற்கே, சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு ஆற்றின் மேல்பக்கம், சுல்தானுக்கும் அரபு, புகிஸ் மக்களுக்கும் கம்போங் கிளாம், ஐரோப்பியர்களுக்குத் தனிப் பகுதி என்று இனம் இனமாகப் பிரித்த திட்டம். அப்படிப் பிரித்ததை இன்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம், ஆனால் தெருப் பெயர்கள் இன்னும் அதைச் சொல்கின்றன. கடைகளுக்கு முன்னால் ஐந்து அடி அகலத்துக்குக் கூரையோடு நடைபாதை விட வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். மழை கொட்டும்போது அந்த ஐந்தடிப் பாதையில் நனையாமல் நடந்து போகிறவர்கள், 200 வருடத்துக்கு முந்தைய ஒரு நல்ல யோசனைக்குள் நடக்கிறார்கள். தென்கரைச் சதுப்பைத் தூர்க்க, பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் குன்றையே வெட்டி எடுத்தார்கள். குன்று இருந்த இடம் இப்போது ராஃபிள்ஸ் பிளேஸ், சதுப்பு இருந்த இடம் போட் கீ.

ராஃபிள்ஸும் ஃபார்க்குவாரும் அதற்கு மேல் ஒத்துப்போகவில்லை. 1823ல் ஃபார்க்குவாரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த வருடக் கடைசியில் அவர் கப்பல் ஏறிய நாளில் எல்லா இனத்து ஜனங்களும் கரையில் கூடி வழியனுப்பினார்கள், படகுகளில் கூடவே போனார்கள் என்று அப்துல்லா எழுதியிருக்கிறார். ஏழை, பணக்காரன் யார் வந்தாலும் அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். ஃபார்க்குவார் லண்டன் போய், நிறுவியது நான்தான், எனக்கு நியாயம் வேண்டும் என்று கம்பெனி இயக்குநர்களிடம் மனுக் கொடுத்தார். பதவி திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மனுவில் சொன்னதைத்தான் கடைசியில் கல்லறையிலும் பொறித்துவிட்டார்கள்.

கிரயப் பத்திரம் முடித்தவர் மூன்றாமவர், ஜான் கிராஃபர்ட். ஸ்காட்லாந்து மருத்துவர், சிக்கனக்காரர், யாரிடமும் கொஞ்சிப் பேசத் தெரியாதவர். இவரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் சட்டப்படி சிங்கப்பூரை பிரிட்டிஷ் காலனி ஆக்கிய கையெழுத்து இவர் காலத்தில்தான் நடந்தது. 1824 மார்ச்சில் லண்டனில் பிரிட்டனும் டச்சும் உடன்படிக்கை செய்துகொண்டன. சிங்கப்பூர் மேல் இனி உரிமை கேட்கமாட்டோம் என்றார்கள் டச்சுக்காரர்கள், மலாக்காவையும் கொடுத்தார்கள், பதிலுக்குப் பெங்கூலன் அவர்களுக்குப் போனது. அதே வருடம் ஆகஸ்ட் 2 அன்று சுல்தானும் தெமெங்கோங்கும் தீவை முழுவதுமாக, என்றென்றைக்குமாக எழுதிக் கொடுத்தார்கள். சுல்தானுக்கு 33,200 ஸ்பானிய வெள்ளி ரொக்கமும் ஆயுள்வரை மாதம் 1,300ம். தெமெங்கோங்குக்கு 26,800ம் மாதம் 700ம். சுல்தான் ஹுசைன் கடைசியில் சிங்கப்பூரை விட்டு மலாக்காவுக்குப் போய் 1835ல் அங்கே இறந்தார். தெமெங்கோங் வம்சத்துக்கு வேறு விதி. அவருடைய பேரன் அபு பக்கர் பிற்பாடு ஜோகூரின் சுல்தானே ஆகிவிட்டார். கிராஃபர்ட் செய்த இன்னொரு காரியம், ராஃபிள்ஸ் மூடிய சூதாட்டக் குத்தகையை வருமானத்துக்காகத் திரும்பத் திறந்தது. 1829ல்தான் அதை மறுபடி மூடினார்கள். 1826ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே நிர்வாகம் ஆயின, 1867ல் லண்டன் நேரடியாக ஆளும் முடியாட்சிக் காலனி ஆனது.

சரி, செங்கல் யார் அறுத்தது?

1819 மே மாதம், ராஃபிள்ஸ் இரண்டாவது முறை வந்த இண்டியானா என்ற கப்பலில் பினாங்கிலிருந்து ஒரு தமிழர் வந்து இறங்கினார். நாராயண பிள்ளை. முதலில் கருவூலத்தில் வேலை, நாணயம் நல்லதா கள்ளதா என்று பார்க்கும் வேலை. ஸ்பானிய வெள்ளி, டச்சுக் காசு, ரூபாய் என்று எல்லாம் புழங்கிய ஊரில் அது சாதாரண வேலை இல்லை. அந்த வேலை நீடிக்கவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது: எல்லோரும் வீடு கட்டுகிறார்கள், செங்கல் இல்லை. தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளை அது. பினாங்குக்கு ஆள் அனுப்பித் தச்சர்களையும் கொத்தனார்களையும் வரவழைத்தார். அப்புறம் துணிக்கடை வைத்தார், அது ஊரிலேயே பெரிய கடையாக வளர்ந்தது. 1822ல் தீப்பிடித்து எல்லாம் போனது, தலைக்கு மேல் கடன். நேராக ராஃபிள்ஸிடம் போய் நிலைமையைச் சொன்னார், அவர் கொமர்ஷியல் சதுக்கத்தில் நிலம் கொடுத்தார், நாராயண பிள்ளை மறுபடி எழுந்தார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்குத் தலைவராகவும் அவரையே நியமித்தார்கள், வழக்குகளை அவரே தீர்த்து வைத்தார்.

சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் அவருடைய வேலை. முதலில் பார்த்த இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை, அடுத்த இடம் நகரத் திட்டத்தில் மாட்டிக்கொண்டது. 1823ல் இந்த இடம் கிடைத்தது. 1827ல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக ஒரு சின்னக் கோவில் எழுப்பி, சின்ன அம்மனை வைத்தார். இன்றைய கோவிலில் நின்றால் சுற்றிலும் சைனாடவுன், அதே சாலையில் சில அடி தள்ளி சூலியாக்கள் கட்டிய ஜாமே பள்ளிவாசல். கோவிலை ஒட்டிய தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர், கோபுரத்தைத்தான் பகோடா என்றார்கள்.

இவர்களுக்கும் கீழே இன்னொரு வரிசை ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சிலையும் இல்லை, கல்லும் இல்லை. 1825 ஏப்ரலில் பெங்கூலனிலிருந்து 80 கைதிகள் வந்து இறங்கினார்கள், எல்லோரும் மதராஸ் மாகாணத்தில் தண்டிக்கப்பட்டவர்கள். பெங்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போனதால் கைதிகளை இங்கே மாற்றினார்கள். பிறகு வங்காளத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சதுப்பைத் தூர்த்தது, சாலை போட்டது, பாலம் கட்டியது இவர்கள். கல் உடைக்கத் தெரிந்தவர், தச்சு தெரிந்தவர், செங்கல் அறுக்கத் தெரிந்தவர் என்று கைதிகளுக்குள்ளேயே எல்லாத் தொழிலும் வளர்ந்தது. 1873 வரை இது நடந்தது.

2019ல், ராஃபிள்ஸ் வந்து 200 வருடம் ஆனதை ஒட்டி, ஆற்றங்கரையில் அவருடைய சிலைக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு சிலைகளை வைத்தார்கள். பழைய மலாய் மரபுக் கதையில் வரும் இளவரசர் சங் நீல உத்தமா, மலாக்காவிலிருந்து வந்து காய்கறி விற்று வளர்ந்து பிறகு ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்த டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை. ஃபார்க்குவாருக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. ராஃபிள்ஸின் கடைசிக் காலமும் நன்றாக இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து குழந்தைகளில் நான்கு பேர் கிழக்கிலேயே இறந்தார்கள். 1824ல் ஊர் திரும்பும்போது கப்பல் தீப்பிடித்து அவர் சேர்த்த ஓவியங்கள், குறிப்புகள் எல்லாம் எரிந்தன. கம்பெனி 22,000 பவுண்டுக்கு மேல் பாக்கி என்று கணக்குக் காட்டியது. 45 வயது முடிய ஒரு நாள் இருக்கும்போது இறந்துபோனார். அவருடைய மனைவி சோஃபியா 1830ல் அவர் வாழ்க்கையை எழுதி வெளியிட்டதால்தான் அவர் புகழ் நிலைத்தது. ஃபார்க்குவாருக்காக அந்தக் காலத்தில் அப்படி யாரும் எழுதவில்லை.

சிங்கப்பூர் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். 1856க்கும் 1861க்கும் இடையே இந்தியக் கைதிகள் எழுப்பிய கட்டடம். உள்சுவர் பூச்சுக்கு மதராஸ் சுண்ணாம்பு என்று பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, கரும்புச் சர்க்கரை மூன்றையும் குழைத்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பதமாக்கிப் பூசினார்கள். காய்ந்த பிறகு கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழுவழுப்பு உடனே பிடிபடும்.